காதுக்குள் கேட்ட நாடி

என்னைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. சாய்ந்தமருதில் ஒரு ஆள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தால், பிஸ்கட் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரே வரும். வந்தவர்கள் சும்மா போகமாட்டார்கள். தொடக்கத்தில் இருந்து கடைசி வரைக்கும் கேட்பார்கள். நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து உட்கார்ந்து, "முதல்ல இரிந்து செல்லுங்க ராத்தா" என்பார். அதனால்தான் எழுதி வைக்கிறேன். இனி யாரும் கேட்டால் இதைக் கையில் கொடுத்துவிட்டு நான் என் தையலைப் பார்ப்பேன்.

நான் அபாயா தைக்கிறவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைப்பதற்குக் கண் நன்றாக இருக்க வேண்டும். என் கண் நன்றாகத்தான் இருந்தது. என் கணவருக்கு ஒலுவில் துறைமுகத்தில் இருந்து ஆழ்கடலுக்குப் போகும் மீன்பிடிப் படகில் வேலை. போனால் வாரம் வாரமாக, கிழமைக் கணக்கில் வரமாட்டார். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் அக்கா தங்கைகள் ஒரே வளவில் அடுத்தடுத்த வீடுகளில்தான் காலம் முழுக்க இருப்போம். என் தங்கச்சி சிஹானாவின் வீடு என் தையல் அறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. எங்களுக்கிடையில் சண்டை வர இது போதும்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மெசினில் உட்கார்ந்திருந்தேன். வலது காதில் ஒரு சத்தம். 'ஷ்… ஷ்… ஷ்…' என்று விட்டுவிட்டுக் கேட்டது. தையலை நிறுத்தினேன். அது நிற்கவில்லை. சிஹானா வீட்டுத் தண்ணீர் மோட்டர்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த மோட்டரோடு எனக்கு முன்பே பகை. எழும்பிப் போய்க் கேட்டேன்.

"ஏன் சிஹானா, இந்த மோட்டர் இவ்வளவு நேரமா ஓடுதே? ஒங்கட டேங்கி என்ன கடலா?"

"மோட்டர் ஓடல்லியே ராத்தா. கரண்டே இல்ல."

என்னுடையது கால்மெசின். கரண்ட் போனது எனக்குத் தெரியவில்லை. அப்படியும் நம்பாமல் கிணற்றடிக்குப் போய் மோட்டரின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துபோய்க் கிடந்தது. சிஹானா என்னை மேலும் கீழும் பார்த்தாள். காதுக்குள் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது.

முதலில் வீட்டு வைத்தியம். சிஹானா கருஞ்சீரக எண்ணெயைச் சூடாக்கிக் காதில் விட்டாள். குறையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டாள். பிறகு பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கி வந்தாள். நான் நல்ல நிய்யத்தோடு, நம்பிக்கையோடுதான் குடித்தேன். மனம் கொஞ்சம் அமைதியானது மெய். சத்தம் அடங்கவில்லை. வீட்டில் ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை; வீடு அமைதியானால் அது மட்டும் கேட்கும். வலப்பக்கம் தலையணையில் படுக்க முடியாது. சொன்னால் யாருக்கும் விளங்காது. "எனக்குக் கேக்கல்லியே" என்பார்கள். உங்களுக்குக் கேட்டால் நான் ஏன் அழப்போகிறேன்?

கல்முனையில் காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவரிடம் நம்பர் எடுத்துப் போனோம். நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் கூட. விளக்கைப் போட்டுக் காதுக்குள் பார்த்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இதுக்குள்ள என்ன ஊத்தின?"

"கருஞ்சீரக எண்ணெ."

"வேற?"

"தேங்கெண்ணெ."

"மீனும் உப்பும் புளியும் போட்டா ஆணம் வெச்சிரலாமே" என்றார்.

எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துத் துடைத்த பிறகு பார்த்தார். செவிப்பறை நன்றாக இருந்தது. கேட்கும் சக்தியையும் சோதித்தார்கள், அதிலும் குறையில்லை. பிறகு என் இடது கையைப் பிடித்து நாடியில் விரல் வைத்தார். "காதுல கேக்கிற மாதிரியே மற்றக் கையால மேசையில தட்டுங்க" என்றார். தட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என்னை எழுப்பி, மாடிப்படி ஏறி இறங்கி வரச் சொன்னார். வந்து உட்கார்ந்து தட்டினேன். இப்போது வேகமாகத் தட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"இது ஒங்கட நாடி. காதில இரைச்சல் எண்டு கன பேர் வருவாங்க. அவங்களுக்கு வண்டு கத்துற மாதிரி ஒரே சீரா கேக்கும். ஒங்களுக்கு இதயம் துடிக்கிற தாளத்துக்குக் கேக்குது. காதுக்குப் பக்கத்தால ரத்தம் ஓடுற சத்தம். காதில பழுதில்ல. ரத்தம் ஏன் இப்பிடிச் சத்தம் போடுது எண்டுதான் பாக்கோணும்."

கழுத்தின் வலப்பக்கத்தில் இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். சத்தம் நின்றது. விரலை எடுத்தார். திரும்ப வந்தது. எத்தனையோ நாளாக என்னைப் பாடாய்ப் படுத்திய சாமான் இரண்டு விரலுக்கு அடங்கியதைக் கண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வீட்டில போய் இதச் செஞ்சிட்டு இரிக்கப்படாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

எழும்பும் நேரத்தில்தான் கேட்டார். "கண் இருட்டுதா?"

அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. தொழுகையில் சுஜூது செய்ய நெற்றியை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பும்போது இரண்டு கண்ணும் இருட்டிவிடும். விளக்கை அணைத்துப் போட்டது போல இருக்கும். நான் அப்படியே உட்கார்ந்து காத்திருப்பேன், வெளிச்சம் வரும். எத்தனையாவது ரக்அத் என்று மறந்துபோகும். நாற்பது தாண்டிய பெண். பிரஷராக இருக்கும், தூக்கமில்லாததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டொக்டரிடம் சொன்னதும் அவருடைய பகிடி நின்றுவிட்டது. ஒரு துண்டு எழுதிக் கையில் தந்து, "நாளைக்கே கண் டொக்டர்ட்ட போங்க. நாளைக்கே" என்றார்.

கண் டொக்டர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். மூளையைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. எல்லாருக்கும் இருக்கிறது. அந்த நீரின் அழுத்தம் கூடினால் அது பக்கத்து ரத்தக்குழாயை நெருக்கும். நெருக்கப்பட்ட குழாயில் ரத்தம் ஓடும்போதுதான் அந்த 'ஷ்' சத்தம். அதே அழுத்தம் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பையும் பிடித்து நசுக்கும்.

"நசுக்கினா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கொஞ்சமா ஓரத்தில இருந்து பார்வை குறையும். கவனிக்காம விட்டா முழுசாப் போகலாம்."

"போனா வருமா?"

"செத்த நரம்பு திரும்பி வராது அம்மா. அதுதான் சுணங்காம மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றன்."

அப்போது என் கணவர் கடலில் இருந்தார். படகு முதலாளியிடம் சொல்லி வயர்லெஸில் அறிவித்தோம். ஒரு ஆளுக்காகப் படகைத் திருப்ப முடியாது, அது எல்லாருடைய பிழைப்பு. வருகிற போது வரட்டும் என்று சிஹானாவும் நானும் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸில் கடைப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு வாசித்துக்கொண்டே போனேன். முன்னால் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வாட்டில் கட்டில் கிடைத்தது. மூளையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். இரும்பு ஏதும் உடலில் இருக்கக்கூடாது என்று ஸ்கார்ஃப் ஊசிகளை எல்லாம் கழற்றி வாங்கினார்கள். உள்ளே தள்ளியதும் அந்தக் குழாய் போட்ட இரைச்சலில் என் காதுச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஸலவாத்து எல்லாம் ஓதினேன். கட்டி இல்லை, ரத்தக்குழாயில் அடைப்பும் இல்லை என்று மறுநாள் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். "அப்ப என்னத்துக்கு அழுத்தம் கூடிச்சு?" என்று கேட்டேன். அதைத்தான் தேடுகிறோம் என்றார்கள்.

அடுத்தது முதுகில் நீர் எடுப்பது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். நாரியில், இடுப்புக்குப் பின்னால், விறைக்க ஊசி போட்டு, பிறகு நீளமான ஊசியைப் போடுவார்கள். ஊசியோடு ஒரு குழாயைப் பொருத்தினால் நீர் அதில் ஏறும். எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அதுதான் அழுத்தம். என்னுடையது ஏறிக்கொண்டே போனது. அந்த நீரில் கொஞ்சத்தை வடிய விட்டார்கள். என்னை நிமிர்த்திப் படுக்க வைத்த பிறகுதான் கவனித்தேன், வலது காது வெறுமையாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ட்ரொலி போகும் சத்தம், யாரோ இருமும் சத்தம், அவ்வளவுதான். நான் அழுதேன். சிஹானா பதறி, "நோவுதா ராத்தா? நேர்ஸ் மிஸ்ஸக் கூப்பிடட்டா?" என்றாள். சும்மா இரு, கொஞ்சம் கேட்க விடு என்றேன். பின்னேரம் ஆவதற்குள் சத்தம் திரும்ப வந்துவிட்டது.

அழுத்தத்தைக் குறைக்க விழுங்கக் குளிசை தந்தார்கள். அந்தக் குளிசை விரல் நுனியெல்லாம் விறுவிறுக்க வைக்கும். சோடா குடித்தால் சோடா வெறும் சீனித் தண்ணீர்போல இருக்கும். கடைக்காரன் பழையதைத் தந்துவிட்டான் என்று சிஹானாவைத் திருப்பி அனுப்பினேன். அவள் போய்ச் சண்டை பிடித்து வேறொன்று வாங்கி வந்தாள். அதுவும் அப்படியே. பிறகுதான் நேர்ஸ் சொன்னாள், குளிசையால் நாக்கு அப்படிச் சொல்கிறது என்று. சிஹானா அந்தக் கடைப் பக்கமே பிறகு போகவில்லை.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தலைமயிர் சில மாதங்களாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரால்தான் என்று விட்டுவிட்டேன். வாட்டில் தினமும் காலையில் அவள் என் தலையை வாருவாள். சீப்பில் வருகிற மயிரை எனக்குக் காட்டாமல் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் பையில் காசு எடுக்கச் சொன்னபோதுதான் பார்த்தேன், உள்ளே ஒரு பந்து அளவுக்கு மயிர் கிடந்தது.

என் கணவர் துறைமுகத்தில் இறங்கிய கையோடு, வீட்டுக்கும் போகாமல் நேரே வந்தார். கட்டிலடியில் வந்து நின்றார். பிறகு விரலைத் தூக்கிக் காட்டி, "இது எத்தின?" என்றார்.

"விரல மடக்குங்க. நான் குருடியில்ல."

அதைக் கேட்டதும் அவருக்கு முகம் தெளிந்தது. நான் ஏசினால் எனக்குச் சுகம் என்று அவருக்கு ஒரு கணக்கு. கையில் இருந்த பையில் இருந்து போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

இந்தப் போத்தலைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். டொக்டர்மார் ஒருவரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. எழுதும்போதும் இப்போதுதான் வாய் வருகிறது. போன வருசம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் போன பிறகும் உடம்பு தேறவில்லை. அப்போது அவர் சுறா ஈரலை வெட்டி, மெல்லிய நெருப்பில் உருக்கி, துணியில் வடித்து எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தார். கடலுக்குப் போகிற வீடுகளில் இது புதிதல்ல. சத்துக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். நாற்றம் தாங்காது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் போத்தலைக் கண்டாலே ஓடிவிடுவார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் ஒரு கரண்டி குடித்துவிட்டு ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்வேன். அவர் கடலில் இருந்தாலும் குடிப்பேன். வீட்டில் அது தீர்ந்துபோய்க் கொஞ்ச நாளாகியிருந்தது. 'தீர்ந்திரிக்கும், பாவம்' என்று நினைத்துத்தான் படகிலேயே உருக்கிப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்.

"இப்பதான் கூட வேணும். கண் விசயம்" என்று காலையில் ஒரு கரண்டியும் மாலையில் ஒரு கரண்டியும் தந்தார். நான் குடித்தேன்.

கண் பார்வையின் பரப்பைச் சோதிக்கும் ஒரு மெசின் இருக்கிறது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகவாயை வைத்து நேரே பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும். கண்டால் கையில் உள்ள பட்டனை அமுக்க வேண்டும். வந்த கிழமையில் ஒரு முறை செய்தார்கள். இப்போது இரண்டாம் முறை. வலக்கண்ணுக்கு உட்கார்ந்து கனநேரம் ஆகியும் வெளிச்சம் வரவில்லை.

"தங்கச்சி, மெசின் நிண்டிட்டு போல. லைட்டே வரல்லியே" என்றேன்.

மெசினை இயக்கிய பிள்ளை திரையை ஒரு முறை பார்த்தாள். "வருது அம்மா" என்றாள்.

அதைப்போல ஒரு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. மகள் பிறக்கும்போது உயிர் போய் மவுத்தாகிவிடுவேன் என்று நினைத்தேன், அப்போதுகூட இப்படிப் பயப்படவில்லை.

நரம்பு டொக்டர் பாண்டிருப்பைச் சேர்ந்த பெண். அமைதியாகக் கதைப்பார். நீர் எடுத்தும், குளிசை தந்தும், அழுத்தம் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை என்றார். இந்தக் கிழமைக்குள் இறங்காவிட்டால் கொழும்புக்கு அனுப்பி ஒப்பரேஷன் செய்ய வேண்டும். முதுகில் இருந்து வயிற்றுக்கு உள்ளால் ஒரு மெல்லிய குழாய் வைத்து அந்த நீரை வடிய விடுவார்கள். குடும்பத்தாரோடு கதைக்க வேண்டும் என்று என் கணவரையும் சிஹானாவையும் கட்டிலடிக்கு வரச் சொல்லியிருந்தார். கதைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர் நிறுத்தினார். வெடித்துப்போயிருந்த உதட்டைப் பார்த்தார். கையைத் திருப்பி, உள்ளங்கைத் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தார். தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"முதல் நாளும் கேட்டன். விட்டமின் ஏதும் எடுக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்."

"சத்துக் குளிசை? முகத்துக்குப் பூசுறதுக்கு, பருவுக்கு எண்டு ஏதும்?"

"ஒண்டும் இல்ல."

நான் பொய் சொல்லவில்லை. விட்டமின் என்றால் எனக்குக் கடையில் விற்கிற குளிசை. என் கணவர் ஒரு அடி முன்னால் வந்தார். மனைவியைக் கவனிக்காத ஆள் என்று டொக்டர் நினைத்துவிடுவாரோ என்று அவருக்குக் கவலை.

"கடக் குளிசை ஒண்டும் நான் குடுக்கல்ல டொக்டர். சத்துக்கு இது மட்டுந்தான்." அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்து நீட்டினார். "சுறா ஈரல் எண்ணெ. என்ட கையால உருக்கின. ஒரு சொட்டுக் கலப்பில்ல."

டொக்டர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். மூடியைப் போட்டார். எவ்வளவு காலம் என்று கேட்டார்; என் கணவரே சொன்னார். எவ்வளவு என்று கேட்டார்.

"முந்தி ஒரு கரண்டி. இப்ப கண்ணுக்காக ரெண்டு."

டொக்டர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். டொக்டர்மார் வாட்டில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. மெதுவாகச் சொன்னார். சுறா ஈரலில் விட்டமின் ஏ மிகக் கூடுதலாக இருக்கிறது. கண்ணுக்குத் தேவையான சத்துத்தான். ஆனால் தேவைக்கு மேல் போனால் உடம்பு அதை வெளியே தள்ளாது, சேர்த்து வைத்துக்கொள்ளும். சேரச் சேர மூளை நீரின் அழுத்தம் கூடும். மயிர் கொட்டும், உதடு வெடிக்கும், தோல் உரியும். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிப்போம், ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இதை இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்றார்.

என் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நானா டொக்டர்?"

"நீங்க இல்ல. எண்ணெ" என்றார் டொக்டர்.

அந்த வார்த்தைக்காக டொக்டருக்கு நான் இன்றைக்கும் துஆச் செய்கிறேன். ஆனால் அந்த நேரம் எனக்கு எல்லார் மேலும் கோபம்தான் வந்தது. "அவர் தெரிஞ்சா தந்த? நானும் வாயத் திறந்து குடிச்சன்தானே" என்று டொக்டரிடம் பாய்ந்தேன். அவர் யாரையும் குறை சொல்லவே இல்லை. பிள்ளைகள் குடித்தார்களா என்று மட்டும் கேட்டார். நாற்றத்துக்கு ஓடிவிடுவார்கள் என்று சிஹானா சொன்னதும், "நல்லதாப் போச்சு" என்றார்.

என் கணவர் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னால் போன சிஹானா பிறகு சொன்னாள்: எண்ணெயைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நின்றாராம். கழுவியதைக் கடைசியில் குப்பையில்தான் போட்டார். திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாகச் சரிவந்தது. இன்னொரு முறை முதுகில் நீர் எடுத்தார்கள், அழுத்தம் இறங்கியிருந்தது. ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். சுஜூதில் இருட்டுவது நின்றது. சத்தம் குறைந்து குறைந்து, வலப்பக்கம் சரிந்து படுத்தால் மட்டும் தூரத்தில் கேட்கிற அளவுக்கு வந்தது. இப்போதும் அது முழுதாகப் போகவில்லை. போகாமலும் இருக்கலாம் என்றார்கள். இரண்டு விரலை வைத்துப் பார்ப்பதில்லை. என்ன செய்ய, என்னுடைய ரத்தம்தானே, ஓடட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு பெரிய கரைச்சல் என் கணவரால்தான். படகு கடலுக்குப் போன அன்று அவர் போகவில்லை. வீட்டோடு இருந்தார். ஆனால் என் கையில் ஒன்றும் தரமாட்டார். தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்பார். குளிசையை எடுத்துத் தரச் சொன்னால் மகளைக் கூப்பிடுவார். முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, எனக்குத் தொத்து வருத்தமா? ஏன் கிட்ட வாறீங்க இல்ல?"

"என்ட கையால இனி ஒனக்கு ஒண்டு தர எனக்குப் பயமா இரிக்கி புள்ள. நான் ஒனக்குக் கண்ணக் குடுக்கத்தான் பாத்தன்."

எனக்கு ஏசத்தான் தெரியும், ஏசினேன். "நீங்க பயந்தா நான் ஆர்ட கையால தின்னுற? எடுங்க அந்தக் குளிசைய." எடுத்தார். தந்தார். நான் வாங்கி விழுங்கினேன். அன்றைக்குப் பிறகு மூன்று வேளைக் குளிசையும் அவர்தான் தருகிறார். ஒவ்வொரு முறையும் மருந்துத் துண்டைப் பார்த்து டொக்டர் எழுதியதைச் சரிபார்த்துவிட்டுத்தான் தருவார். பார்த்துக்கொண்டிருந்தால் எரிச்சல் வரும்.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் எண்ணெய்க் கதையைச் சொல்லவில்லை. தலைக்குள் பிரஷர் என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஆட்கள் போன பிறகு வந்து சொன்னார்: "எண்ணெயையும் செல்லு. ஒலுவில்லயும் இஞ்சயும் எத்தின வீட்டில இந்தப் போத்தல் இரிக்கி. என்னப் பத்தி என்ன நினைச்சாலும் பரவாயில்ல." அதனால்தான் இதில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இருந்தால் அடுத்த முறை கிளினிக் போகும்போது டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அவர் விட்டமின் என்று கேட்பார், நீங்கள் இல்லை என்பீர்கள்.

போன மாதம் கடைசியாகக் கிளினிக் போனோம். என் கணவரும் நானும்தான் போனோம். அந்தக் கிண்ண மெசினில் திரும்பவும் உட்கார்ந்தேன். இடக்கண் முழுதாகத் திரும்பியிருந்தது. வலக்கண்ணில் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது, தைக்கலாம், ஓதலாம். வெளிப்பக்க ஓரம் போய்விட்டது. அது வராது என்று டொக்டர் சொன்னார்.

"என்ட கண்ணில இரிந்து எடுத்து வெக்க ஏலாதா டொக்டர்?" என்று என் கணவர் கேட்டார். சாதாரணமாக, பக்கத்து வீட்டில் அரிசி கேட்பது போலத்தான் கேட்டார். நரம்பை அப்படி மாற்ற முடியாது என்று டொக்டர் விளக்கினார். "அப்பிடியா" என்றார்.

எங்கள் ஊரில் ஆண்கள் முன்னால் நடப்பார்கள், பெண்கள் இரண்டடி பின்னால் வருவோம். அதுதான் பழக்கம், இருபது வருசமாக அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் நடந்திருக்கிறேன். அன்றும் அப்படியே பஸ் எடுக்க வெளியே வந்தோம். பாதையைக் கடக்க அவர் முன்னால் போனார், நான் பின்னால் காலை வைத்தேன். வலப்பக்கத்தில் இருந்து வந்த ஓட்டோவை நான் காணவேயில்லை. ஹோர்ன் சத்தம் கேட்டு அவர் திரும்பி என் கையைப் பிடித்து இழுத்தார். ஓட்டோக்காரன் ஏசிவிட்டுப் போனான். நியாயம்தான். நடு வீதியில் என் கையைப் பிடித்தபடி அவர் நின்றார்.

"அந்தப் பக்கம் எனக்குத் தெரியா" என்றேன். "முன்னுக்குப் போகாம அங்கால வாங்க."

வந்தார். அன்றில் இருந்து பெரிய வீதியானாலும் சந்தையானாலும் என் வலப்பக்கம் ஒட்டித்தான் நடக்கிறார். "வயசு போன நேரத்தில சோடி போட்டுத் திரியிறாங்க" என்று சிஹானா வளவு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். என் வலப்பக்கத்தில் என்ன வருகிறது, என்ன போகிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே அவர் வருகிறார்.